இசைப்பெட்டியின் முள்ளுருளை: ஒரு முள் வளைந்தால் என்ன ஆகும், எப்படிச் சரிசெய்வது?

பழைய இசைப்பெட்டி ஒன்றுக்குச் சாவி கொடுத்துவிட்டுக் கவனமாகக் கேளுங்கள். பாட்டு நன்றாகத்தான் போகும். நடுவில் ஒரு ஸ்வரம் மட்டும் முந்திக்கொண்டு விழும். இன்னோர் இடத்தில் வரவேண்டிய ஸ்வரம் வரவே வராது. மூன்றாவது பாட்டு ஓடும்போது, அந்தப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஒலி எங்கிருந்தோ 'டிங்' என்று எட்டிப்பார்க்கும். பெட்டிக்கு வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுவார்கள். உண்மையில் இவை மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றும் தொடங்குவது ஒரே இடத்தில்: சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள எஃகு முட்களில்.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது இரண்டு உறுப்புகள். ஒன்று, உடம்பெல்லாம் முள்முள்ளாக இருக்கும் பித்தளை உருளை. இன்னொன்று, அதன் பக்கத்தில் படுத்திருக்கும் எஃகுச் சீப்பு. தலைவாரும் சீப்பைப் போலவே வரிசையாகப் பற்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுருதி. உருளை மெல்லச் சுற்றும்போது ஒரு முள் வந்து பல்லின் நுனியைத் தூக்கும். கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நழுவ விடும். விட்ட கணத்தில் பல் அதிரும், ஸ்வரம் கேட்கும். முள் பல்லை அடிப்பதில்லை. வீணைக் கம்பியை விரல் மீட்டுவது போல மீட்டுகிறது. தொடும்போது ஒலி இல்லை, விடும்போதுதான் ஒலி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

1796-ல் ஜெனீவாவின் கடிகாரக் கலைஞர் அந்துவான் ஃபாவ்ர், மணியும் சுத்தியலும் இல்லாமல் எஃகு நாக்குகளை மீட்டியே இசை எழுப்பலாம் என்று அந்த நகரின் கலைச் சங்கத்தில் காட்டினார். இந்தத் தொழிலின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவும், ஜூரா மலைப்பகுதியில் இருக்கும் ஸான்த்-க்ருவா என்ற சிற்றூரும் உருளைப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்றன. 1880-களின் நடுவில் ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து உலோகத் தட்டு வைத்த பெட்டிகள் வரத் தொடங்கின. தட்டை மாற்றினால் பாட்டு மாறிவிடும். பெரும்பாலான உருளைப் பெட்டிகளில் அது முடியாது. அதன்பின் உருளையின் மவுசு மெல்லக் குறைந்தது. ஆக, நல்ல உருளைப் பெட்டி ஒன்று உங்கள் கையில் இருந்தால் அதன் வயது நூற்றைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

உருளையில் பாட்டை மாற்ற முடியாதுதான். ஆனால் ஒரே உருளையில் பல பாட்டுகளை ஏற்றலாம். அங்கேதான் இந்தக் கைவேலையின் நுணுக்கம் இருக்கிறது. பல்லின் நுனிக்கும் அடுத்த பல்லின் நுனிக்கும் இடையே 2.4 மி.மீ. இருக்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆறு பாட்டுப் பெட்டியானால் ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் அகலம் 0.4 மி.மீ. ஒரு பாட்டு முடிந்ததும், உருளையின் ஓரத்தில் படிப்படியாக வெட்டப்பட்ட சிறு சக்கரம் ஒரு படி நகர்ந்து உருளையை அந்த 0.4 மி.மீ. பக்கவாட்டில் தள்ளும். இப்போது பல்நுனிகளுக்கு நேரே வேறு முட்கள். முந்தைய பாட்டின் முட்கள் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகச் சத்தமில்லாமல் கடந்துபோகும்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடலாம். உருளையின் விட்டம் 5 செ.மீ., ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றால், அதன் மேற்பரப்பு ஒரு நொடியில் நகர்வது 2.6 மி.மீ. அளவுதான். அப்படியானால் ஒரு முள் கால் மில்லிமீட்டர் முன்னால் சாய்ந்தாலே ஸ்வரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முந்திவிடும். தாளத்தில் அது காதுக்கு நன்றாகவே தெரியும். அதே முள் பக்கவாட்டில் 0.4 மி.மீ. சாய்ந்தால் அது இந்தப் பாட்டிலிருந்து விலகி அடுத்த பாட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பாட்டில் ஒரு ஸ்வரம் குறையும், இரண்டாவது பாட்டில் ஒன்று கூடும்.

ஆக, தொடக்கத்தில் சொன்ன மூன்று கோளாறுகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஸ்வரம் முந்தினால் முள் சுழலும் திசையில் சாய்ந்திருக்கிறது. பிந்தி, அதுவும் பலவீனமாகக் கேட்டால் பின்னால் சாய்ந்திருக்கிறது. பல்லைச் சரியாகத் தூக்க முடியாமல் பாதியிலேயே நழுவ விடுகிறது. சம்பந்தமில்லாத ஸ்வரம் கேட்டால் பக்கத்துப் பாட்டு முள் ஒன்று எல்லை தாண்டி வந்திருக்கிறது. ஸ்வரமே இல்லை என்றால் முள் ஒடிந்திருக்கலாம், பல் ஒடிந்திருக்கலாம், முள் பக்கத்துப் பாட்டுக்குப் போயும் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் எல்லாப் பாட்டிலும் வராமல் போனால் பல்லைச் சந்தேகியுங்கள். ஒரு பாட்டில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் வராமல் போனால் முள்ளைச் சந்தேகியுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சீப்பில் ஒரே சுருதிக்கு இரண்டு, மூன்று பற்கள் இருக்கும். ஒரே ஸ்வரம் வேகமாகத் திரும்பத் திரும்ப வரும்போது, அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பல்லையே மறுபடி மீட்ட முடியாது; அதனால் முறை மாற்றி மீட்டுவதற்காக இந்த ஏற்பாடு. ஸ்வரம் ஒன்றுதான் என்றாலும் பிழை எந்தப் பல்லில் என்று காதால் மட்டும் முடிவுகட்ட முடியாது, கண்ணாலும் பார்த்தாக வேண்டும்.

சரி, முட்கள் உருளையில் எப்படி நிற்கின்றன? பித்தளைக் குழாயில் ஆயிரக்கணக்கான நுண்துளைகளைப் போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் எஃகு முள்ளைக் கையால் செருகுவார்கள். குழாயின் தகடு மெல்லியது. அது மட்டும் முள்ளைப் பிடித்து நிறுத்தாது. அதனால் உருளைக்குள் அரக்கு மாதிரியான பிசின் கலவையைச் சூடாக ஊற்றி, உருளையை வேகமாகச் சுழற்றுவார்கள். கலவை உள்சுவரில் ஒரே சீராகப் படிந்து, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முட்களின் அடிப்பகுதியைக் கவ்விக்கொண்டு இறுகும். அப்புறம் வெளியே நீண்டிருக்கும் முனைகளை எல்லாம் ஒரே உயரத்துக்குச் சாணை பிடிப்பார்கள். முள் நிற்பது பித்தளையாலும் அரக்காலும் சேர்ந்துதான் என்பதால், அரக்கு தளர்ந்தால் முள்ளும் தளரும். இந்த அரக்கு வெப்பத்தில் இளகும். வெயில் விழும் சன்னலோரத்தில் பெட்டியை வைக்கக் கூடாது என்று சொல்வது மரம் வெடிக்கும் என்பதற்காக மட்டும் அல்ல.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களிடமுள்ள பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. உள்ளங்கையில் அடங்கும் புதிய காலத்துப் பெட்டியா, 18 பல் சீப்பா? அப்படியானால் உருளையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்த வகையில் பலவற்றில் முள்ளே கிடையாது. தகட்டில் புடைப்புகளை அழுத்தி எடுத்து, அந்தத் தகட்டைச் சுருட்டி உருளையாக்கியிருப்பார்கள். புடைப்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான். முழு இயந்திரத்தையும் மாற்றிவிடுவதே எளிது. இனி நான் சொல்லப்போவது செருகிய முட்கள் உள்ள பழைய பெட்டிகளைப் பற்றி.

முட்கள் தாமாக வளைவதில்லை. ஏதோ ஒன்று வளைத்திருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்காமல் முள்ளை நிமிர்த்தினால், அடுத்த முறை ஓட விடும்போது அதே முள் மறுபடி வளையும். அதனால் என்னைக் கேட்டால் முதல் ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. சாய்வாக விழும் வெளிச்சம், நல்ல பூதக்கண்ணாடி, ஒரு தாள், பென்சில். இவை போதும்.

வளைந்த முட்கள் உருளையைச் சுற்றி ஒரே வளையமாக, ஒரே பல்லுக்கு நேராக இருந்தால் குற்றவாளி அந்தப் பல்தான். அதன் நுனி கீழே இறங்கியிருக்கும் அல்லது பல்லின் அதிர்வை அடக்க அடியில் வைத்திருக்கும் ஒலியடக்கிக் கம்பி கோணிக்கொண்டு முட்களைக் கொக்கிபோல் இழுக்கும். வளைவுகள் உருளையின் நீளவாக்கில் ஒரே கோடாக இருந்தால், யாரோ பாட்டின் நடுவில் சீப்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது பெட்டி கீழே விழுந்திருக்கிறது. முட்கள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், பாட்டு முடியும் முன்னரே உருளை நகர்த்தப்பட்டிருக்கிறது. பாட்டின் முடிவில் முட்களே இல்லாத ஒரு வெற்றிடம் உருளையில் உண்டு. பாட்டை மாற்றுவது அந்த இடத்தில் மட்டும்தான் நடக்க வேண்டும். உருளை முழுவதும் வயல் புயலில் சாய்ந்ததுபோல் கிடந்தால் அது ஓட்டம் பிடித்த பெட்டி.

ஓட்டம் பிடிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பழுதுபார்க்கப் போகிறவர்கள் தங்கள் கையாலேயே செய்துவிடும் பேரழிவு இதுதான். முறுக்கிய ஸ்பிரிங்கின் முழு வலுவும் உருளையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது பல்சக்கரத் தொடரின் கடைசியில் இருக்கும் ஒரு குட்டிக் காற்றாடி. மெல்லிய திருகுத் தண்டு ஒன்றின் மேல் அது சுழன்று காற்றைக் கிழிக்கும். காற்றின் தடைதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஸ்பிரிங் முறுக்கோடு இருக்கும்போது இந்தக் காற்றாடிப் பகுதியைக் கழற்றினால், அல்லது நடுவில் ஒரு சக்கரத்தின் பல் முறிந்தால், பிடிப்பு போய்விடும். ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றவேண்டிய உருளை சில நொடிகளில் பல சுற்றுகள் சுற்றும். முட்கள் பற்களில் மோதி வளையும், ஒடியும். பற்களும் முறிந்து தெறிக்கும். பெட்டிக்குள் சரளைக் கல் கொட்டியது போன்ற ஒரு சத்தம், அதன்பின் அமைதி. ஒரு நூற்றாண்டு தாங்கிய உருளை அந்தச் சில நொடிகளில் போய்விடும்.

ஆகவே எந்தத் திருகைத் தொடுவதற்கும் முன்பு ஸ்பிரிங்கின் முறுக்கை முழுவதும் இறக்குங்கள். எளிய வழி, பாட்டைத் தானாக நிற்கும்வரை ஓட விடுவது. உருளை பாட்டின் இறுதியிலுள்ள அந்த வெற்றிடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி சிக்கிக்கொண்டு பாதிப் பாட்டிலேயே, முறுக்கோடு நின்றிருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். மூடி வைத்து, தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உருளையைக் கையால் பின்னோக்கித் திருப்பி விடுவிக்கலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. பற்களின் அடியிலிருக்கும் ஒலியடக்கிக் கம்பிகள் முட்களில் மாட்டிக் கோணிவிடும்.

முறுக்கு இறங்கியதும் முதலில் கழற்றவேண்டியது சீப்பு. திருகுகளை ஒவ்வொன்றாக முழுவதும் எடுக்காமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாக மாறி மாறித் தளர்த்தி, சீப்பை உருளையை விட்டு நேராகப் பின்னுக்கு இழுத்து எடுக்க வேண்டும். எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். சீப்பு போன பிறகு உருளை நிம்மதியாக இருக்கும். நீங்களும்தான்.

அப்புறம் சுத்தம். மென்மையான, காய்ந்த தூரிகையால் தூசியைத் துடைத்தெடுத்தால் போதும். பித்தளை பளபளக்க வேண்டும் என்று பாலிஷ் போட வேண்டாம். முட்களின் அடியில் அது வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், எடுக்கவே முடியாது. எண்ணெயும் வேண்டாம். இசைப்பெட்டியில் எண்ணெய் தேவைப்படும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: அச்சு முனைகள், காற்றாடியின் திருகுத் தண்டு போன்றவை. அங்கேயும் ஒரு துளிக்கும் குறைவு. முட்களின் மேல் விட்ட எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகும்.

இனி முள்ளை நிமிர்த்தும் வேலை. இடுக்கியால் முனையைப் பிடித்து வளைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன், முதல் முள் சத்தமில்லாமல் ஒடிந்து எங்கேயோ போய் விழுந்தது. இடுக்கி முனையை மட்டும் இழுக்கிறது. வளைவோ அடியில் இருக்கிறது. சரியான கருவி ஒரு நுண்குழாய். முள்ளின் மேல் தொப்பிபோல் இறங்கி, அடிவரைக்கும் போய் உட்கார வேண்டும். ஊசி போடும் சிரிஞ்சின் ஊசியைக் கூர்முனை போகும்படி தட்டையாகத் தேய்த்து, உள்ளே பிசிறு இல்லாமல் எடுத்தால் நல்ல கருவியாகும். துளை முள்ளைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும் ஊசியைத் தேர்ந்தெடுங்கள். குழாயை முள்ளின் மேல் இறக்கி, மெதுவாக ஒரே தடவையில் நிமிர்த்த வேண்டும். எஃகுக் கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்தால் மூன்றாவது தடவை ஒடியும் என்பது சிறுவயதிலிருந்தே நமக்குத் தெரிந்ததுதான். முள்ளும் அதே இனம். அதனால் கொஞ்சம் குறைவாகவே நிமிர்த்திவிட்டு, பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். தாண்டிப்போய்த் திரும்பி வருவது ஆபத்து.

எவ்வளவு நிமிர்த்துவது? நெட்டுக்குத்தாக அல்ல. பல உருளைகளில் முட்களைச் செய்தபோதே சற்றுச் சாய்வாக விட்டிருப்பார்கள், பல்லை நன்றாகப் பிடித்துத் தூக்குவதற்காக. வளைந்த முள்ளுக்கு அளவுகோல் அதன் நலமான அண்டைவீட்டு முள்தான். உருளையின் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தால் முட்கள் படைவரிசைபோல் ஒரே சாய்வில் நிற்பது தெரியும். வரிசையில் பொருந்தாதது எது என்பதும் தெரியும். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து முட்களுக்கு மேல் செய்யாதீர்கள். கண் களைத்தால் கை அழுத்தும்.

சில முட்கள் நிமிராமல் ஒடியும், சில ஏற்கெனவே ஒடிந்திருக்கும். இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் முட்களில் ஆறேழு இல்லாவிட்டால் கேட்பவருக்கு அநேகமாகத் தெரியாது. தெரியும் இடம் என்றால், அதாவது பாட்டின் முக்கியமான வரியில் ஒரு ஸ்வரம் விழுகிறது என்றால், ஒற்றை முள்ளை மாற்றுவார்கள்: மீதியிருக்கும் முள்துண்டை எடுத்துவிட்டு, அதே பருமனுள்ள எஃகுக் கம்பியை அதே துளையில் இறுகச் செருகி, அண்டை முட்களின் உயரத்துக்கு அராவிவிடுவார்கள். கேட்கச் சுலபம். உருளையின் தகடு மெல்லியது, பக்கத்து முள் அரை மில்லிமீட்டர் தூரத்தில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மதிப்பில்லாத ஓர் உருளையில் முதலில் பழகிப் பாருங்கள்.

முட்கள் பெருமளவில் போய்விட்ட உருளைக்கு முழு முள் மாற்றம் ஒன்றுதான் வழி. அதை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் தனி சுவை உண்டு. உருளையைச் சூடாக்கி உள்ளிருக்கும் அரக்கை வடித்துவிடுவார்கள். அச்சையும் ஓர மூடிகளையும் எடுத்த பின் மிஞ்சுவது ஒரு வெறும் பித்தளைக் குழாய், அதில் ஆயிரக்கணக்கான எஃகு முட்கள். இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதில்லை. எஃகைத் தின்று பித்தளையை விட்டுவிடும் கரைசலில் குழாயை ஊறவைப்பார்கள். பித்தளைத் தகட்டில் திருகு முறிந்துவிட்டால் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் படிகாரக் கரைசலில் போட்டுத் திருகை மட்டும் கரைத்தெடுப்பது இதே தந்திரம்தான். துளைகள் காலியானதும் பழைய பாட்டு துளைகளாக மட்டும் அந்தக் குழாயில் மிஞ்சியிருக்கும். மறுபடி ஒவ்வொரு துளையிலும் ஒரு முள், கையால். பிறகு புது அரக்கு, சுழற்றல், சாணை. சாணை ஒரே திசையில் போனால் முள்முனையில் பிசிறு நிற்கும். அதனால் இரண்டு திசைகளிலும் பிடித்துப் பிசிறை எடுப்பார்கள். இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதிலும், செய்பவர்கள் உலகில் மிகச் சிலரே என்பதிலும் வியப்பில்லை.

ஒரு பொதுவான தவறைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாட்டில் 'கிரீச்' என்றோ 'ஜிர்' என்றோ இரைச்சல் கேட்டால் எல்லோரும் முள்ளைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் அது ஒலியடக்கியின் குறை. பல் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த முள் வந்து தொட்டால் உரசல் ஒலி வரும். அதைத் தடுக்கத்தான் பல்லின் அடியில் மெல்லிய எஃகுக் கம்பியோ, உச்ச ஸ்வரப் பற்களுக்குப் பறவை இறகின் துண்டோ வைத்திருக்கிறார்கள். முள் தூக்கும் முன் அது பல்லைத் தொட்டு அமைதியாக்கும். அது தேய்ந்தால் அல்லது உதிர்ந்தால், முட்கள் எவ்வளவு நேராக நின்றாலும் பாட்டு சிணுங்கும்.

சீப்பைத் திரும்ப மாட்டும்போது உருளை அந்த முள்ளில்லா வெற்றிடத்தில்தான் இருக்க வேண்டும். பல்நுனிகள் முட்களுக்கு நேர் எதிரே வருகின்றனவா என்று இரண்டு கோடிகளிலும் பாருங்கள். சீப்பு ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தால் அடுத்தடுத்த இரண்டு பாட்டுகள் கலந்து ஒலிக்கும், நீங்கள் நிமிர்த்திய முட்களை வீணாகச் சந்தேகிப்பீர்கள். காற்றாடி உள்பட எல்லாம் அதனதன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே ஸ்பிரிங்கை முறுக்குங்கள், அதுவும் இரண்டே சுற்று. முதல் பாட்டை ஓட விடுங்கள். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். பிசகு கேட்டால் எத்தனையாவது நொடி என்று மட்டும் குறியுங்கள், உடனே நிறுத்தாதீர்கள். ஆறு பாட்டும் ஓடி முடிந்த பின் அந்தக் குறிப்பைப் பார்த்தால், முதல் பாட்டில் 23-ஆவது நொடியில் விடுபட்ட ஸ்வரமும் இரண்டாம் பாட்டில் அதே 23-ஆவது நொடியில் எட்டிப்பார்க்கும் ஸ்வரமும் ஒரே முள்தான் என்று தெரியவரும். உருளையில் அதைத் தேட வேண்டிய இடம் இப்போது ஒரு கோட்டளவுக்குச் சுருங்கிவிட்டது.